ஆய்வேட்டை எங்கே வெளியிடுவது? மதுரை ஆய்வாளருக்கு ஒரு கணக்கு

தத்துவத்திலோ சமயத்திலோ முனைவர் பட்டம் வாங்கியவருக்கு வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு இரண்டு பக்கமிருந்து நெருக்கடி வரும். மின்னஞ்சலைத் திறந்தால், "தங்கள் மேலான ஆய்வேட்டைக் கட்டணமின்றி நூலாக்கித் தருகிறோம்" என்று முன்பின் தெரியாத ஒரு பதிப்பகம். துறைக்குப் போனால், "என்னம்மா, புஸ்தகமா போட்டாச்சா?" என்று மூத்த பேராசிரியர். பாதிப் பேர் இந்த நெருக்கடியிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். முன்னட்டையில் பெயர் பார்த்த மகிழ்ச்சி ஒரு மாதம் இருக்கும். அப்புறம் அந்த நூலை யாரும் மேற்கோள் காட்டவில்லை, மதிப்புரை எழுதவில்லை, கடையில் கேட்டால் கிடைக்கவில்லை என்பது மெதுவாகத் தெரியவரும்.

ஓர் ஆய்வேட்டை முன்னால் வைத்துப் பேசினால் இந்த வழிகளை ஒப்பிடுவது சுலபம். திருமங்கலம் பக்கம் கல்லூரியில் தத்துவம் நடத்தும் ஒரு தங்கையின் ஆய்வு அது. மறுபிறவி பற்றி இரண்டு பேர் என்ன வாதாடினார்கள் என்பது பொருள். ஒருவர் 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார். அவருடைய சிவஞான சித்தியார் பரபக்கத்தில் 14 புறமதங்களை வரிசையாக நிறுத்தி மறுக்கிறது, சுபக்கத்தில் தன் கட்சியை நிறுவுகிறது. மற்றவர் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, மறுபிறவி கிடையாது என்று தமிழிலேயே நூல் எழுதியவர். பிறர் கொள்கையை இந்த இருவரும் எப்படி எடுத்துச் சொல்லி, எப்படி மறுக்கிறார்கள் என்பதுதான் ஆய்வின் மையம். எழுதியது ஆங்கிலத்தில். மேற்கோள் எல்லாம் தமிழ்.

இந்த ஆய்வேடு ஏற்கெனவே சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆகவே "நாலு பேர் பார்வைக்குப் போக வேண்டுமே" என்று அவசரப்படத் தேவையில்லை. வெளியீடு என்பது அதற்கு மேல் என்ன தரப்போகிறது என்றுதான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு கேள்விகள் போதும். இதை யார் திருத்தித் தருவார்? இதை யார் படிப்பார்? பணம், காலம், வேலைக்கான மதிப்பெண் மூன்றும் அடுத்த வரிசை.

ஆய்விதழ்கள்

திருத்தம் என்று பார்த்தால் நல்ல ஆய்விதழுக்கு இணை வேறில்லை. கட்டுரை யாருடையது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது, மதிப்பீட்டாளர் யாரென்று நமக்கும் தெரியாது. மதுரைக்காரர் என்று சலுகையும் இல்லை, இளக்காரமும் இல்லை. தத்துவத்திலும் சமயத்திலும் பழைய, நிலைத்த இதழ்களில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் ஒரு காசு வாங்குவதில்லை. ஹவாய் பல்கலைக்கழக அச்சகம் 1951 முதல் நடத்தும் 'பிலாசபி ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்', ஸ்பிரிங்கர் வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் இந்தியன் பிலாசபி', பெங்களூரு தர்மாராம் கல்வி நிலையத்திலிருந்து 1975 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் தர்மா' ஆகியவற்றில் இந்த ஆய்வின் ஏதாவது ஒரு பகுதி பொருந்தும். இந்து, கிறித்தவச் சமயங்களை ஒருசேர ஆராய்வதற்கென்றே 'ஜர்னல் ஆஃப் ஹிந்து கிறிஸ்டியன் ஸ்டடீஸ்' என்று ஓர் இதழ் இருக்கிறது. அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நொபிலி பற்றிய இயலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

மதிப்பீட்டாளர் என்ன செய்வார் என்பதை அந்தத் தங்கைக்கு வந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லலாம். "சித்தியார் சுபக்கத்துக்கு அறுவர் உரை இருக்கிறது. நீங்கள் எந்த உரையைப் பின்பற்றிப் பொருள் சொல்கிறீர்கள்? சிவஞான முனிவர் உரை என்றால் அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். நொபிலிக்குப் பின்னால் வந்தவரின் விளக்கத்தை நொபிலி காலத்துச் சைவத்தின் குரலாக எப்படி வைக்கலாம்?" அன்று இரவு போன் வந்தது. "அண்ணே, அஞ்சு வருஷம் இதுல உட்கார்ந்தேன். வழிகாட்டி கேக்கல, வாய்மொழித் தேர்வுல வந்தவங்களும் கேக்கல. இந்த ஆளு கேட்டுட்டாரு." குரலில் எரிச்சல் பாதி, மரியாதை பாதி. அந்த ஒரு கேள்விக்காக அவர் ஓர் இயலையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இப்படி ஒரு கேள்வியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆய்விதழின் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

சிரமங்களும் உண்டு. முதல் பதில் வரவே மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஆகும், சில இதழ்களில் அதற்கு மேலும். அனுப்பி, திருத்தி, அச்சேறி முடிய ஒன்றரை, இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது. ஆய்வேட்டின் இயலை அப்படியே வெட்டி ஒட்டினாலும் போகாது. இயலில் 'இதுவரை நடந்த ஆய்வுகள்' என்று முப்பது பக்கம் இருக்கும், கட்டுரையில் அது மூன்று பத்தி. ஒரே ஒரு வாதம், அதுவும் முதல் பக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. மதுரை டிடிபி கடைகளில் தட்டச்சான ஆய்வேடுகளில் தமிழ் மேற்கோள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் இருக்கிறது. இதழ்கள் கேட்பது யூனிகோடு. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கும்போது மேலே கோடு, கீழே புள்ளி வைக்கும் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறிவிடும். அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் இதற்கென்றே ஒதுக்கிச் செய்யுளை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுவது நல்லது. சித்தியார் பாட்டில் ளகர ழகரம் மாறினால் மதிப்பீட்டாளருக்கு மொத்தக் கட்டுரை மேலேயும் சந்தேகம் வரும்.

காசு கேட்கும் இதழ்களில் இரண்டு சாதி. ஒன்று, முறையாக மதிப்பிட்டு, திறந்த அணுக்கத்துக்காக, அதாவது யாரும் இலவசமாகப் படிப்பதற்காக, எழுதுபவரிடம் கட்டணம் வாங்குபவை. பெரிய பதிப்பகங்களில் ஒரு கட்டுரைக்கு 2000 யூரோவைத் தாண்டும். பல்கலைக்கழகமோ ஆய்வுத் திட்டமோ கட்டினால் சரி, கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் கட்ட வேண்டியதில்லை. கட்டணம் இல்லாமலே உலகம் படிக்க வைக்க வழி இருக்கிறது. பல இதழ்கள், ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் கொஞ்ச காலம் கழித்துப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. தத்துவத்துக்கு ஃபில்ஆர்கைவ் என்று ஒரு களஞ்சியம் இலவசமாகவே இருக்கிறது. இதழின் விதியைப் படித்துவிட்டு வைத்தால் போதும்.

இரண்டாவது சாதி, காசைத் தவிர வேறெதையும் மதிப்பிடாதவை. ஒரே இதழில் வணிகவியல், தாவரவியல், தத்துவம், இயந்திரப் பொறியியல் எல்லாம் வரும். "ஐந்து நாளில் வெளியீடு" என்று விளம்பரம் இருக்கும். ஒரு தத்துவக் கட்டுரையை ஐந்து நாளில் இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லியிருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. இவற்றைத் தடுக்கத்தான் யுஜிசி 2019இல் தரமான இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியலைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்தி, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து நிம்மதியடையும் காலம் போயிற்று. நல்ல செய்தி ஒன்று, பட்டம் வாங்குவதற்கு முன் கட்டுரை வெளியாகியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதை மட்டும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தரங்கத் தொகுப்பு

நம் பக்கத்தில் அதிகம் பேர் போகும் பாதை இது என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று அழைப்பிதழ் வரும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் காணொளியில் வாழ்த்துவார், பன்னாடு வந்துவிட்டது. பதிவுக் கட்டணம் கட்டி நான்கு பக்கக் கட்டுரை கொடுத்தால், கருத்தரங்கு நடக்கும் அன்றைக்கே தலையணை கனத்தில் தொகுப்பு கைக்கு வரும். சான்றிதழ், மதிய உணவு, ஐஎஸ்பிஎன் எண். கட்டுரையைப் பேசி, விவாதித்து, திருத்திய பிறகுதானே அச்சடிக்க வேண்டும்? இங்கே பேசுவதற்கு முன்பே அச்சாகிவிடுகிறது.

ஐஎஸ்பிஎன் இருக்கிறதே என்பார்கள். அது நூலை அடையாளம் காண ஓர் எண், அவ்வளவே. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இதற்காகக் கருத்தரங்குக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பட்டிமன்றம் வளர்த்த ஊர் நம் ஊர், எழுந்து நின்று கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. நொபிலி இயலை அங்கே பேசிப் பாருங்கள், கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகுப்புக்குக் கொடுக்கும்போது மட்டும் ஆய்வின் மையமான வாதத்தைக் கொடுக்காமல் ஒரு சிறு கிளையைக் கொடுங்கள். மைய வாதம் ஒருமுறை அச்சாகிவிட்டால் எந்த நல்ல இதழும் அதைத் திரும்ப ஏற்காது. நான்கு பக்கத்துக்காக அஞ்சு வருடத்து உழைப்பைச் செலவழிப்பது வீண்.

விதிவிலக்கு உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எழுதுபவர்களை அழைத்து, கூட்டம் முடிந்து ஒரு வருடம் திருத்தி வெளியிடும் தொகுப்புகள். வாஷிங்டனில் இயங்கும் 'விழுமியங்கள், தத்துவ ஆய்வுக்கான கவுன்சில்' பல நாட்டுத் தத்துவத் துறைகளோடு சேர்ந்து அப்படி நூல்வரிசை நடத்துகிறது. பண்பாட்டு மரபும் இன்றைய மாற்றமும் என்பதுதான் வரிசையின் பொருளே. இந்தியாவிலிருந்தும் பல தொகுதிகள் வந்திருக்கின்றன, அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அப்படி ஓர் அழைப்பு வந்தால் தயங்காமல் போகலாம்.

புத்தகமாக: லெய்டனா, தில்லியா?

மேல்நாட்டுப் பதிப்பகம் என்றால் சமயவியலில் முதலில் நினைவுக்கு வருவது பிரில். 1683இல் ஹாலந்தின் லெய்டனில் தொடங்கியது, 2024இல் ஜெர்மனியின் டி குரூய்ட்டரோடு இணைந்துவிட்டது. ரூட்லெட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் எல்லாம் இந்த வரிசை. நூல் முன்மொழிவு, இரண்டு மாதிரி இயல்கள், மதிப்பீட்டாளர் இருவர், மறுபடி எழுதுதல் என்று இரண்டு மூன்று வருடம் போகும். திருத்தம் முதல் தரம். எழுதுபவரிடம் காசு கேட்பதில்லை. முன்மொழிவை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பலாம், சொல்லிவிட்டு அனுப்பினால் போதும். இதழுக்கும் நூலுக்கும் இந்த ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

விலையில்தான் இடிக்கும். கெட்டி அட்டை 100 யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும், பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சில நூறு பிரதிகள், வாங்குவது நூலகங்கள். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அது இதழ்களுக்கான ஏற்பாடு. நூல்களை நூலகம் தனியாக வாங்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு தத்துவ நூலை வாங்கும் கல்லூரி நூலகத்தை நம் மாவட்டத்தில் தேடிப் பாருங்கள்.

தில்லிப் பதிப்பகங்கள் நடுவழி. மோதிலால் பனார்சிதாஸ் 1903இல் லாகூரில் தொடங்கி இந்தியத் தத்துவத்தில் பெயர் வாங்கியது. முன்ஷிராம் மனோகர்லால், டி.கே. பிரிண்ட்வேர்ல்டு என்று இன்னும் சிலர். விலை நம் ஊர் ஆசிரியர் வாங்கக்கூடியது, வெளிநாட்டு நூலகங்களுக்கும் போய்ச் சேருகிறது. மதிப்பீட்டின் கறார் மட்டும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். தில்லியில் சிறு பதிப்பகங்கள் சில, எழுதியவரே நூறு, இருநூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடும். அதைக் கட்டணம் என்றே கணக்கில் எழுதுங்கள். இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் வெளியீட்டுக்கு நிதி உதவி தருகின்றன, கையிலிருந்து போடுவதற்கு முன் அங்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்த 'கட்டணமின்றி நூலாக்கித் தருகிறோம்' மின்னஞ்சலுக்கு ஒரு பத்தி போதும். ஆய்வேட்டை அனுப்பிய மாதத்திலேயே நூல் வந்துவிடும், ஏனென்றால் இடையில் யாரும் படிப்பதில்லை. விலை ஐரோப்பிய விலை, விற்பனை இணையத்தில், கேட்டவருக்கு ஒரு பிரதி அச்சடிப்பார்கள். ஒப்பந்தத்தில் உரிமை போய்விட்டால் பிறகு உருப்படியான பதிப்பகம் தொடத் தயங்கும். வேண்டாம்.

தமிழில்

இங்கேதான் என் மனம் சாய்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுபிறவி பற்றிய இந்த ஆய்வை ஆங்கிலத்தில் படிப்பவர் மூன்றாம் ஆள். டொரண்டோவிலோ லெய்டனிலோ உட்கார்ந்து இரு தரப்பு வாதத்தையும் ரசிப்பார். தமிழில் படிப்பவர் வழக்கில் ஒரு தரப்பு. திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் சித்தாந்த வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போகும் ஓய்வுபெற்ற தபால்காரருக்குச் சித்தியார் பாட்டு மனப்பாடம். அரசரடியில் 1969 முதல் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிப்பவர்களுக்கு மறுபிறவி மறுப்பு பாடத்தில் வரும் விஷயம். இந்த இரண்டு கூட்டமும் ஒரே ஊரில், டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் என்று தலைப்பு வைத்துவிட்டு, உரையாட வேண்டிய இருவருக்கும் எட்டாத இடத்தில் அதை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இது புதிய யோசனையும் இல்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கி, மறு வருடமே 'செந்தமிழ்' இதழைக் கொண்டுவந்தபோது, ஆராய்ச்சியைத் தமிழில் எழுதித் தமிழில் மறுக்கும் பழக்கம் இந்த ஊரில் அச்சேறியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் நல்லசாமிப் பிள்ளை எதிர்த் திசையில் போனார். சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலமாக்கி, 1897இல் 'சித்தாந்த தீபிகை' என்ற இதழையும் தொடங்கினார். சைவ சித்தாந்தம் வெளியுலகம் போனதில் அவருக்குப் பெரிய பங்கு. இரண்டு வேலையும் நடந்தது, இரண்டும் தேவைப்பட்டது.

தமிழ்ப் பதிப்புலகின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. முறையான சக மதிப்பீடு அநேகமாகக் கிடையாது. நல்ல பதிப்பகத்தில் நல்ல பதிப்பாசிரியர் இருந்தால் வாக்கியம் திருந்தும், வாதம் திருந்தாது. கோட்பாட்டு நூல் என்றால் முதல் அச்சு இருநூறு, முந்நூறுதான், தீர்ந்தால் மறுபடி அடிப்பார்கள். உரிமைத்தொகை பத்து சதவீதம் என்பது வழக்கம், வருடா வருடம் கணக்கு வருமா என்பது பதிப்பகத்தைப் பொறுத்தது. பொது நூலகத் துறையின் கொள்முதல் ஆணை கிடைத்தால் பிழைத்தது. தமிழ் வளர்ச்சித் துறையின் நிதியுதவித் திட்டம் ஒன்றும் உண்டு. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய் தத்துவம், சமயம் போடும் அரங்குகளில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எந்தப் பதிப்பகத்தின் நூலில் அடிக்குறிப்பும் சொல்லடைவும் இருக்கிறது, எதில் இல்லை என்று புரட்டினாலே தெரிந்துவிடும். சொல்லடைவு போடாத பதிப்பகத்துக்கு ஆய்வு நூலைக் கொடுக்காதீர்கள். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அதே சோதனையைச் செய்யலாம், அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

மடங்களின் வெளியீட்டுப் பிரிவும் திருச்சபை அச்சகங்களும் இன்னொரு வழி. விலை மலிவு, அச்சு சுத்தம், சேர வேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேரும். உரை விளக்கம், மூலப் பதிப்பு போன்றவற்றுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. இந்த ஆய்வுக்கு ஒத்துவராது. அருணந்தியையும் நொபிலியையும் ஒரே தராசில் வைக்கும் நூலை ஆதீனம் வெளியிட்டால் சர்ச்சுக்காரர் தொடமாட்டார், சபை வெளியிட்டால் சைவர் முன்னட்டையைப் பார்த்தே முடிவுகட்டிவிடுவார்.

மதிப்பெண் கணக்கு

வேலை, பதவி உயர்வு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யுஜிசியின் 2018 விதிமுறைப் பட்டியலில் கலை, மொழித் துறைகளுக்கு ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளி. பன்னாட்டுப் பதிப்பகத்தில் நூல் எழுதினால் 12, இந்தியப் பதிப்பகத்தில் 10, தொகுப்பில் ஓர் இயலுக்கு 5, நூல் மொழிபெயர்ப்புக்கு 8. பல வருட உழைப்பான நூலுக்கும் இருபது பக்கக் கட்டுரைக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். பட்டியலைப் போட்டவர்கள் நூல் எழுதியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எப்படியிருந்தாலும், ஒரே ஆய்விலிருந்து இரண்டு கட்டுரையும் ஒரு நூலும் எடுப்பவருக்குப் புள்ளி கூடுதலாகவே சேரும். புள்ளிக்காக என்று தனியாக வழி தேட வேண்டியதில்லை.

கடைசியில் எந்த வரிசை?

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். முதலில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை, காசு வாங்காத இதழில், நொபிலி மறுக்கும் மறுபிறவிக் கொள்கை உண்மையில் யாருடையது என்ற ஒரே கேள்வியோடு. மதிப்பீட்டாளர் அடித்துத் திருத்தட்டும். அந்தத் திருத்தத்தை வாங்கிக்கொண்டு தமிழில் நூல் எழுதட்டும். ஆய்வேட்டை மொழிபெயர்க்க வேண்டாம், புதிதாக எழுதட்டும். அடிக்குறிப்பு இருக்கட்டும், 'ஆய்வு முன்மொழிவு', 'ஆய்வு நெறிமுறை' இயல்கள் போகட்டும். வரிசை முக்கியம். தமிழ் நூல் முதலில் வந்துவிட்டால், மதிப்பீட்டாளர் பிறகு கண்டுபிடிக்கும் ஓட்டை அச்சிலேயே நின்றுவிடும். தமிழில் இல்லாத சக மதிப்பீட்டை ஆங்கில இதழிடமிருந்து கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப இங்கிலீஷ்ல புஸ்தகமே வேணாமாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மேல்நாட்டுப் பதிப்பகத்துக்கு முன்மொழிவு முதலில் போக வேண்டும், தமிழ் நூல் காத்திருக்கலாம். மூலப் பிரதிகளை வைத்து வேலை செய்தவர், உதாரணமாகக் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் படித்து எடுத்தவர் என்றால் அவருக்கும் அதே வழிதான் நல்லது. அந்த ஆவணங்களைத் தேடும் ஆய்வாளர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஊரில் நிரந்தரப் பணி, தமிழ் மாணவர்கள், இங்கேயே வாழ்க்கை என்றால் தில்லிப் பதிப்பும் தமிழ் நூலும் போதும், லெய்டனுக்கு ஏங்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள். ஆங்கிலப் பதிப்பகங்களின் அச்சடித்த ஒப்பந்தத்தில் 'எல்லா மொழிகளிலும்' உரிமை பதிப்பகத்துக்கு என்று இருக்கும். அப்படியே கையெழுத்துப் போட்டால், பிறகு சொந்த நூலைத் தமிழில் வெளியிட அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தமிழ் உரிமையை எழுதியவரே வைத்துக்கொள்கிறார் என்று மாற்றித் தரும்படி கையெழுத்துக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தமிழ்ப் பதிப்பு அவர்களுக்குப் பெரிய வியாபாரம் இல்லை, கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.